கூடு தின்ட்டிவா?

ஹைதராபாத் அலுவலகத்துக்கு மாறிப்போன முதல் வாரம். மதியம் கேன்டீனில் பக்கத்து நாற்காலிக்காரர் தெலுங்கர் என்று தெரிந்த உற்சாகத்தில், "கூடு தின்ட்டிவா?" என்று கேட்டுவிட்டேன். மேஜையில் ஐந்து பேர். ஐந்து பேரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை, உண்மையிலேயே அவர்களால் அடக்க முடியவில்லை. ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே விளக்கினார். 'கூடு' என்று இங்கே மரியாதைப்பட்ட மனிதரிடம் யாரும் கேட்பதில்லை, அது எரிச்சலில் வரும் சொல், 'அன்னம் தின்னாவா' என்றுதான் கேட்க வேண்டும். "எங்கே கத்துக்கிட்ட இந்தத் தெலுங்கை?" என்றார். "வீட்ல" என்றேன். மறுபடி சிரிப்பு.

நான் ராஜபாளையத்துக்காரன். விஜயநகர, நாயக்கர் ஆட்சிக் காலங்களில் தெற்கே வந்து குடியேறிய ராஜுக்கள் குடும்பம். வீட்டில் அவ்வா பேசியது தெலுங்கு, தெருவில் நான் பேசியது தமிழ், பொறியியல் கல்லூரியில் எல்லோரும் பேச முயன்றது இங்கிலீஷ். தெலுங்கு எழுத்து எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அவ்வா தன் தங்கைக்கு எழுதிய இன்லேண்ட் லெட்டர்கள் இன்னும் டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன: தமிழ் எழுத்தில் தெலுங்கு. இன்று எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவிலும் அதே முறைதான்.

அன்று அறைக்குத் திரும்பி அகராதியைப் புரட்டினேன். கூடு என்பது நம் 'கூழ்' என்ற சொல்லின் தெலுங்குப் பிறப்பு. ஏழு அங்கே ஏடு, கோழி அங்கே கோடி, கூழ் அங்கே கூடு. 'தின்ட்டிவி' என்ற வினைமுற்று பழைய இலக்கியத் தெலுங்கில் இருக்கிறது. ஆக, என் அவ்வா கொச்சையாக எதுவும் பேசவில்லை. பழசாகப் பேசினாள், அவ்வளவுதான். அடுத்த நாள் கேன்டீனில் இதையெல்லாம் சொல்லி ஜெயிக்கலாம் என்று நினைத்து, சொல்லாமல் விட்டேன்.

பிறகு ஒரு புராஜெக்டில் நியூஜெர்சிக்காரர் ஒருவருடன் இரண்டு வருஷம் வேலை பார்த்தேன். நாலு தலைமுறைக்கு முன் நேப்பிள்ஸ் பக்கத்திலிருந்து கப்பலேறிய குடும்பம். 'காப்பிகோலா' என்ற பன்றியிறைச்சிப் பண்டத்தை அவர் 'கபகூல்' என்பார். ரோமுக்குச் சுற்றுலா போய்க் கடையில் அப்படிக் கேட்டிருக்கிறார். கடைக்காரருக்குப் புரியவில்லை, புரிந்ததும் சிரிப்பு. அச்சாக என் கதை. இத்தாலி ஒரு நாடானதே 1861இல்தான். இன்று பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரும் இத்தாலியனை அன்று பேசியவர்கள் மிகச் சிலர். 1880களிலிருந்து அமெரிக்கா 1924இல் கதவைச் சாத்தும்வரை லட்சக்கணக்கில் போனவர்கள் தங்கள் ஊர்ப் பேச்சைத்தான் மூட்டையில் கொண்டுபோனார்கள். க்-கை க-வாக மெலித்து, கடைசி உயிரை விழுங்கும் தெற்கத்திப் பேச்சு. ஊரில் பள்ளிக்கூடமும் ரேடியோவும் வந்து பேச்சை மாற்றின. போனவர்களிடம் மட்டும் அது அப்படியே உறைந்துவிட்டது.

இதுவரைக்கும் ஏக்கக் கட்டுரை. நம் இணைய இதழ்களில் நிறைய வருகிறது, நானும் ஒன்று எழுதியிருக்கிறேன். அவ்வா, டிரங்குப் பெட்டி, மறைந்துகொண்டிருக்கும் சொற்கள், கடைசிப் பத்தியில் கொஞ்சம் கண்ணீர். இதை எழுதுவது அதை மறுக்கத்தான். சிரித்த ஐந்து பேரை மன்னித்துவிடலாம். எங்களை அவ்வளவு சுலபமாக விடக்கூடாது.

போன வருஷம் ஊரில் சொந்தக்காரர்கள் கூடிய ஒரு விழா. மேடையில் ஒரு பெரியவர், "நம்ம பாஷை அழியுது, நம்ம பண்பாடு அழியுது, பிள்ளைங்க வெளியில கட்டுறதுதான் காரணம்" என்றார். கைதட்டல். அவர் அதைச் சொன்னது முழுக்கத் தமிழில். என் சித்தப்பா மகள் அந்த விழாவுக்கு அழைக்கப்படவில்லை, 'வெளியில' கட்டியவள் என்பதால். இத்தனைக்கும் எங்கள் தலைமுறையில் நல்ல தெலுங்கு பேசுகிறவள் அவள் ஒருத்திதான். இந்தக் கணக்கு எனக்கு விளங்கவில்லை. மொழியைக் காப்பாற்ற மொழி தெரிந்தவளை வெளியே நிறுத்தியாயிற்று. மொழி தெரியாத, ஆனால் சரியான இடத்தில் கட்டிய நாங்கள் முன்வரிசையில் உட்கார்ந்து ஜிகர்தண்டா குடித்துக்கொண்டிருந்தோம்.

காப்பது மொழியை அல்ல என்பதை நாமே ஒத்துக்கொள்ளலாம். மாப்பிள்ளை பார்க்கும்போது முதலில் கேட்பது 'இன்டி பேரு', அதாவது வீட்டுப் பெயர். பிறகு கோத்திரம், பிறகு சம்பளம். தெலுங்கு பேசத் தெரியுமா என்று எந்தச் சம்பந்தி வீட்டாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

என் சின்ன வயதுக் காட்சி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் தெருவைச் சுத்தம் செய்ய ஒரு அம்மா வருவார். அருந்ததியர். வெயில் நேரத்தில் பின்வாசலில் நின்று, "கொஞ்சம் நீள்ளு பொய்யம்மா" என்று தண்ணீர் கேட்பார். அவ்வா உள்ளேயிருந்து, "இரு, வாரேன்" என்று தமிழில் பதில் சொல்வாள். தினமும் இதே உரையாடல். அந்த அம்மா தெலுங்கில், என் அவ்வா தமிழில். பிறகு சொம்பைத் தூக்கி அவர் கையில் ஊற்றுவாள். எங்கள் வீட்டில் எவர்சில்வர் டம்ளர்கள் நிறைய இருந்தன.

எனக்கு ஏழெட்டு வயதிருக்கும். "அவங்களும் நம்மள மாதிரித்தானே பேசுறாங்க?" என்று கேட்டேன். "அது வேற" என்றாள் அவ்வா. பல வருஷம் கழித்து யோசித்தபோதுதான் உறைத்தது. அது வேறே இல்லை. நீள்ளு எங்கள் வீட்டிலும் நீள்ளுதான், கூடு அவர்கள் வீட்டிலும் கூடுதான். கேன்டீனில் ஐந்து பேர் சிரித்தபோது எனக்கு வலித்ததே, அதைவிடப் பெரிய வேலையை என் அவ்வா தினம் ஒரு சொம்புத் தண்ணீரோடு செய்துகொண்டிருந்தாள். அவள் கெட்டவள் இல்லை. எனக்கு எண்ணெய் தேய்த்துவிட்டவள், கதை சொன்னவள். அவளுக்குத் தெலுங்கு என்பது ஒரு கதவு. யாருக்குத் திறக்க வேண்டும், யாருக்குச் சாத்த வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பக்கத்தில் வேலையாட்கள் இருக்கும்போது பணவிஷயம் பேச எங்கள் பெரியவர்கள் சட்டென்று தெலுங்குக்கு மாறுவதும் இதே கதவுதான். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேருக்குத் தெலுங்கு தெரியும் என்பது வேறு தமாஷ்.

தமிழ்நாட்டில் தெலுங்கைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 2011 கணக்கெடுப்பின்படி 42 லட்சத்துக்கு மேல், நூற்றுக்குக் கிட்டத்தட்ட ஆறு பேர். மேடையில் 'தெலுங்கு மக்கள்' என்று இந்த எண்ணைச் சொல்லும்போது சுத்தம் செய்யும் அந்த அம்மாவும் அதில் சேர்த்தி. கல்யாண மண்டபத்தில் இலை போடும்போது சேர்த்தி இல்லை. 2009இல் அருந்ததியருக்கு மூன்று சதவீத உள் ஒதுக்கீடு வந்தபோது எங்கள் பக்கம் 'நம்ம பாஷைக்காரங்களுக்கு நல்லது நடந்தது' என்று ஒருவர்கூட மகிழ்ந்து நான் கேட்கவில்லை.

நாங்கள் தெற்கே வந்த கதையையும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டுத் தெலுங்குச் சாதிகள் பலவற்றிடம் ஏறக்குறைய ஒரே கதை இருக்கிறது. ஒரு அழகான பெண், அவளைக் கேட்கும் அந்நிய ராஜா, இரவோடு இரவாக ஓட்டம், வழியில் ஆறு, வளைந்து பாலமாகும் மரம். கி. ராஜநாராயணன் 'கோபல்ல கிராம'த்தில் இதை இலக்கியமாக்கினார். 'நைனா' என்று எல்லோரும் கூப்பிட்ட அந்த மனிதர் வீட்டுத் தெலுங்கின் நினைவை எடுத்துத் தமிழில் கொட்டினார். கரிசல் சொற்களுக்கு அகராதியே போட்டார். அவரிடம் போன சொத்து எல்லோருக்கும் சொத்தானது. எங்கள் ஆட்கள் அதே கதையிலிருந்து எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்று: பெண்ணை வெளியே கொடுக்கக்கூடாது. நானூறு ஐந்நூறு வருஷமாக இன்னும் அந்த ராஜாவிடமிருந்து ஓடிக்கொண்டே இருக்கிறோம்.

இந்த இடத்தில் 'பாருங்க, வந்தேறியே ஒத்துக்கிட்டான்' என்று ஸ்கிரீன்ஷாட் எடுக்கக் காத்திருக்கும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் கேள்வியும் என் பெரியவரின் கேள்வியும் ஒன்றுதான்: 'நீ எந்த வீடு?' பதிலைக் கேட்டு அவர் பந்தியில் இடம் பார்ப்பார், நீங்கள் நாட்டை விட்டு அனுப்பப் பார்ப்பீர்கள். நான் எங்கே போவது? ஹைதராபாத்துக்குத்தான் போனேன். சிரித்து அனுப்பிவிட்டார்கள்.

உங்களுக்குப் பதிலாக எங்கள் ஆட்கள் நீட்டும் பட்டியலும் எனக்குப் பிடிப்பதில்லை. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சர் பி. எஸ். குமாரசாமி ராஜா எங்கள் ஊர், 1936இல் பஞ்சாலை தொடங்கிய பி.ஏ.சி. ராமசாமி ராஜா எங்கள் ஊர், தபால்தலையில் ஏறிய நாய்கூட எங்கள் ஊர். எல்லாம் உண்மை. ஆனால் குடியிருக்கும் உரிமைக்கு வாடகை ரசீது மாதிரி இதை ஏன் காட்ட வேண்டும்? மில்லில் நைட் ஷிஃப்ட் பார்த்து ரிட்டயர் ஆனவருக்கு எந்தப் பட்டியலும் இல்லை. அவர் இருக்கக்கூடாதா?

2006இன் தமிழ் கற்றல் சட்டத்தின்மேல் பழி போடுவதும் எங்கள் ஊருக்குப் பொருந்தாது. கிருஷ்ணகிரிப் பக்கம் தெலுங்கு வழிப் பள்ளிகள் இருந்தன, அங்கே பிள்ளைகள் பத்தாம் வகுப்பில் தமிழ்த் தாள் எழுத நேர்ந்த சிக்கல் நிஜமானது. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக எவரும் தெலுங்கு எழுத்தைத் தொட்டதில்லை. நாங்களே பூட்டிய வீட்டுக்கு அரசாங்கத்திடம் சாவி கேட்பானேன்.

பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஸ்ரீவில்லிபுத்தூர். மார்கழி முழுக்க அவ்வா திருப்பாவை முப்பதையும் சொல்வாள், தமிழில்தான். சொல்லி முடித்து அடுப்படிக்குள் போனதும் தெலுங்கு. ஆடிப்பூரத் தேருக்கு எங்களை இழுத்துக்கொண்டு போவாள், திரும்பும்போது பால்கோவா. அவளுக்குத் தெரியாத ஒன்று உண்டு. அந்த ஆண்டாளை வைத்துக் கிருஷ்ணதேவராயர் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெலுங்கில் ஒரு பெருங்காவியம் எழுதினார், 'ஆமுக்தமால்யதா'. சூடிக்கொடுத்தவள் என்பதுதான் அந்தத் தலைப்பின் பொருள். துளுவ வம்சத்து அரசர், வைத்த தலைப்பு சமஸ்கிருதம், எழுதிய மொழி தெலுங்கு, கதாநாயகி ஸ்ரீவில்லிபுத்தூர்த் தமிழச்சி. இன்றைக்கும் ஆண்டாள் சூடிய மாலை பிரம்மோற்சவத்துக்குத் திருப்பதி போகிறது. எங்கள் மேடைகளில் ராயர் பெயர் அடிக்கடி வரும், வாளோடும் குதிரையோடும். இந்தப் புத்தகத்தோடு ஒருமுறைகூட வந்ததில்லை. காவியத்திலிருந்து சாதிச் சான்றிதழ் எடுக்க முடியாது என்பது காரணமாக இருக்கலாம்.

'அப்ப மொழி செத்தாப் பரவாயில்லையா?' என்று என் மாமா போனில் கேட்டார். பரவாயில்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கூடு என்ற சொல் போனால் எனக்கு வலிக்கும். ஆனால் அதைக் காப்பாற்றும் விலை சித்தப்பா மகள் என்றால், பின்வாசல் என்றால், போகட்டும். உண்மையில் அந்த விலை தேவையே இல்லை. மொழி பேசினால் பிழைக்கும். யாரோடு வேண்டுமானாலும் பேசலாம். பின்வாசலில் "பொய்யம்மா" என்று கேட்டவருக்குத் தெலுங்கிலேயே பதில் சொல்லியிருந்தால், இன்னொரு வீட்டிலும் எங்கள் சொற்கள் உறவோடு இருந்திருக்கும். மாமா, "நீ பெங்களூர்ல இருந்துக்கிட்டு பேசுவ" என்று வைத்துவிட்டார். பதில் இல்லாதபோது அவர் எப்போதும் சொல்வது அதுதான்.

தை மாதம் ஊரில் ஒரு கல்யாணம். நாலு வயது மகளைக் கூட்டிப்போகிறேன். சித்தப்பா மகளையும் அவள் கணவரையும் என் காரில் ஏற்றிக்கொண்டு போவதாகச் சொல்லியிருக்கிறேன், பத்திரிகை அவர்களுக்கு வரவில்லை. என் மகளுக்குத் தெலுங்கில் பதினோரு சொல் தெரியும். எல்லாம் அந்த அத்தை வீடியோ காலில் சொல்லிக்கொடுத்தது. மண்டபத்தில் யாரைப் பார்த்தாலும், டிரைவரோ சமையல்காரரோ மேடைப் பெரியவரோ, "கூடு தின்ட்டிவா?" என்று கேட்பாள். வேறு வாக்கியம் அவளுக்கு இன்னும் வராது.