பொட்டி தட்டுறவனுக்கு அமெரிக்க வரலாறு எதுக்கு?

ராஜபாளையம்னு சொன்னா "ஓ, நாய்!"ம்பாங்க. ஸ்ரீவில்லிபுத்தூர்னா பால்கோவா. ரெண்டு ஊருக்கும் நடுவுல வளர்ந்தவன்ங்கிறதால எனக்கு இது பழகிப்போச்சு. ஆனா யோசிச்சுப் பார்த்தா, நாம அமெரிக்காவைத் தெரிஞ்சு வச்சிருக்கிறதும் இதே லட்சணத்துலதான். டாலர், விசா, ஆன்சைட், ராத்திரி ஒன்பது மணி கால். முடிஞ்சது அமெரிக்கா.

ஜனவரி மூணாவது திங்கள்கிழமை மார்ட்டின் லூதர் கிங் நாள். கிளையன்ட் லீவு, அன்னிக்கு கால் கிடையாதுன்னு நம்ம டீமே குஷியா இருக்கும். அந்த லீவு எதுக்குன்னு கேட்டுப் பாருங்க. "ஏதோ அவங்க காந்தி ஜெயந்தி மாதிரி"ன்னு பதில் வரும். அவங்க சம்பளத்துல வீடு கட்டுறோம், அவங்க நேரத்துக்குத் தூங்குறோம், ஆனா அவங்க கதை நமக்குத் தெரியாது.

இதுக்கு நான் கண்டுபிடிச்ச வழி, இணையத்துல இருக்கிற கல்லூரி வரலாற்று வகுப்பு. யேல் பல்கலைக்கழகம் 2007-ல இருந்து தன்னோட சில வகுப்புகளை முழுசா படம் பிடிச்சு இலவசமா போட்டிருக்கு. அதுல ஒண்ணு, அடிமை ஒழிப்புல இருந்து இன்னிக்கு வரைக்குமான ஆப்பிரிக்க அமெரிக்கர் வரலாறு. 2010-ல பேராசிரியர் ஜோனதன் ஹாலோவே நடத்தினது. வீடியோ, ஆடியோ, வரிக்கு வரி எழுத்து வடிவம் எல்லாம் உண்டு. சர்டிபிகேட் கிடையாது, அதனால ரெஸ்யூமேல போட முடியாது :-) ஒரு வகுப்பு முக்கால் மணி நேரத்துக்கு மேல ஓடும். ராஜபாளையத்துல பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போயிட்டுத் திரும்பினா ஒரு வகுப்பு முடிஞ்சிரும்.

"நவீன அமெரிக்க வரலாறு படிக்கணும்னா ஜனாதிபதிகள், ராக்கெட்டு, உலகப்போர்னு படிக்க வேண்டியதுதானே, கறுப்பின மக்கள் வரலாறு எதுக்கு?"ன்னு ஒரு நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. என் பதில்: அமெரிக்காவுக்கும் நம்ம ஊருக்கும் நடுவுல ஓடுற நூலை இழுத்துப் பார்த்தா, அந்த மக்கள் கையிலதான் போய் நிக்குது.

முதல்ல பருத்தி. 1860-ல அமெரிக்காவுல சுமார் 40 லட்சம் பேர் அடிமைகளா இருந்தாங்க. இங்கிலாந்து மில்லுகளுக்குப் போன பருத்தியில முக்கால்வாசி அமெரிக்கத் தெற்கு மாநிலங்கள்ல இருந்துதான் போச்சு. பெரும்பாலும் அடிமைகள் பறிச்ச பருத்தி. 1861-ல உள்நாட்டுப் போர் வந்து துறைமுகங்களை அடைச்சதும் லங்காஷயர் ஆலைக்காரங்க இந்தியா பக்கம் திரும்பினாங்க. நம்ம கரிசல் பருத்திக்கு, அப்ப 'டின்னவேலி' பருத்தின்னு பேரு (1910 வரைக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா திருநெல்வேலி ஜில்லாவுலதான் இருந்தது), திடீர்னு கிராக்கி. 1865-ல போர் முடிஞ்சதும் விலை இறங்கிருச்சு. ராஜபாளையத்துல 1936-ல பி.ஏ.சி. ராமசாமி ராஜா மில் தொடங்கினதெல்லாம் ரொம்பப் பின்னாடி. ஆனா எங்கேயோ நடந்த அடிமை விடுதலைக்கும் இங்க கரிசக்காட்டுல ஒரு சம்சாரி வாங்கின விலைக்கும் தொடர்பு இருந்திருக்கு.

அடுத்து விசா. இது நம்ம எல்லாருக்கும் நெருக்கமான மேட்டர். 1917 சட்டம் இந்தியர்கள் உட்பட ஆசியாவுல பெரும்பகுதி மக்களை உள்ளே விடாதேன்னு சொன்னது. 1923-ல பகத் சிங் திந்த்ங்கிற பஞ்சாபி, முதல் உலகப்போர்ல அமெரிக்க ராணுவத்துல இருந்தவர், நீ வெள்ளையன் இல்ல, அதனால குடிமகன் ஆக முடியாதுன்னு அந்த நாட்டு உச்ச நீதிமன்றமே தீர்ப்பு சொல்லிருச்சு. 1946-ல மனசு இறங்கி இந்தியாவுக்குக் கொடுத்த ஒதுக்கீடு எவ்வளவு தெரியுமா? வருஷத்துக்கு 100 பேர். மொத்த நாட்டுக்கும்!

அந்தக் கதவு திறந்தது 1965 அக்டோபர் 3. பிறந்த நாட்டை வச்சு ஆளைத் தரம் பிரிக்கிற முறையை ஒழிச்ச சட்டத்துல ஜான்சன் கையெழுத்துப் போட்ட நாள். அதே வருஷம் மார்ச்சுல செல்மா பாலத்துல ஓட்டுரிமை கேட்டு நடந்தவங்களை போலீஸ் அடிச்சு நொறுக்கினது. ஆகஸ்ட் 6-ல வாக்குரிமைச் சட்டம். அதுக்கப்புறம் ரெண்டு மாசம்கூட ஆகலை, குடியேற்றச் சட்டம். குடியேற்றத்துக்கு வேற காரணங்களும் உண்டு, பனிப்போர் நேரத்துல உலகத்துக்கு முன்னாடி மானம் போகுதேங்கிற கவலையும் உண்டு. ஆனா தோல் நிறத்தை வச்சு சட்டம் போடுறது அசிங்கம்னு அந்த நாட்டையே ஒத்துக்க வச்சது தெருவுல அடி வாங்கின கறுப்பின மக்கள். நாம வரிசையில நிக்கிற எச்1பி 1990-ல வந்தது. அந்த வரிசைக்கு இடம் கிடைச்சது இவங்களால. அங்க போய் செட்டில் ஆன நம்ம பசங்க சிலர் "அந்த ஏரியாவுல வீடு பார்க்காத, அவனுங்க இருப்பானுங்க"ன்னு போன்ல சொல்லும்போது எனக்கு எரியிறது இதனாலதான்.

நிற்க. இதுவரைக்கும் சொன்னது தகவல். என்னை உலுக்கினது பஸ் கதை.

ரோசா பார்க்ஸ் பேரு பல பேருக்குத் தெரிஞ்சிருக்கும். அலுத்துப்போன ஒரு தையல்காரம்மா, வெள்ளைக்காரருக்கு சீட்டை விட்டுத் தரலை, புரட்சி வெடிச்சது. வாட்ஸப்புல வர்ற கதை இவ்வளவுதான். வகுப்பா உட்கார்ந்து படிக்கும்போது கதை மாறுது. அந்தம்மா மாண்ட்கமரி நகரத்துல ஒரு உரிமை இயக்கத்தோட கிளைச் செயலாளரா பல வருஷம் வேலை செஞ்சவங்க. அவங்களுக்கு ஒன்பது மாசம் முன்னாடியே, 1955 மார்ச்சுல, கிளாடெட் கால்வின்ங்கிற 15 வயசுப் பொண்ணு அதே ஊர்ல சீட்டை விட்டு எந்திரிக்காம கைதாகியிருக்கா. பஸ் பிரிவினை செல்லாதுன்னு கடைசியில தீர்ப்பு வந்த வழக்குல மனுதாரர்கள்ல அவளும் ஒருத்தி. நடுவுல 381 நாள் அந்த ஊர்க் கறுப்பின மக்கள் பஸ்ல ஏறலை. வேலைக்கு நடந்தே போனாங்க, காரைப் பகிர்ந்துக்கிட்டாங்க. சும்மா வெடிக்கலை. திட்டம் போட்டு, நோட்டீஸ் அடிச்சு, வழக்குப் போட்டு ஜெயிச்சது.

இதைக் கேட்டுக்கிட்டு இருக்கும்போது எனக்கு ஞாபகம் வந்தது நம்ம மாவட்டத்து பஸ். 1997, நான் பிறந்த வருஷம். விருதுநகர் மாவட்டத்துக்குன்னு புதுசா ஒரு போக்குவரத்துக் கழகம் தொடங்கி, அதுக்கு வீரன் சுந்தரலிங்கம் பேரை வச்சாங்க. கட்டபொம்மன் படையில தளபதியா இருந்து வெள்ளைக்காரனை எதிர்த்து உயிரை விட்டவர்னு போற்றப்படுறவர். பிறந்தது தேவேந்திரகுல வேளாளர் சமூகத்துல. அந்தப் பேரு எழுதின பஸ்ல ஏற மாட்டோம்னு ஆதிக்க சாதியினர்ல ஒரு பகுதியினர் மறுத்தாங்க. பஸ் மேல கல்லு விழுந்தது. தென் மாவட்டங்கள்ல கலவரம் பரவி உயிர்கள் போச்சு, ராஜபாளையம் வட்டாரமும் தப்பலை. கடைசியில அரசு ஒரு முடிவெடுத்தது. எல்லாப் போக்குவரத்துக் கழகத்துல இருந்தும், எல்லா மாவட்டத்துல இருந்தும் தலைவர்கள் பேரை எடுத்துர்றது. சேரன் போச்சு, பாண்டியன் போச்சு, கட்டபொம்மன் போச்சு. காமராஜர் மாவட்டம்னு இருந்த நம்ம மாவட்டம்கூட வெறும் விருதுநகர் மாவட்டம் ஆச்சு.

ரெண்டு ஊர்லயும் ஜனங்க பஸ்ல ஏற மறுத்தாங்க. அங்க, சமமா உட்கார இடம் வேணும்னு மறுத்தாங்க. இங்க, இன்னொருத்தர் பேரு நமக்குச் சமமா பஸ்ல ஓடக் கூடாதுன்னு மறுத்தாங்க. ஒரு பேரைச் சகிச்சுக்க முடியாததால எல்லாப் பேரையும் அழிச்சோம். உயிர் போறதை நிறுத்தணும்னுதான் அரசு அப்படிச் செஞ்சதுன்னு சொல்லலாம், அதை நான் மறுக்கலை. ஆனா அதோட அந்தக் கேள்வியையும் சேர்த்து மூடிட்டோம்.

பன்னிரண்டு வருஷம் பள்ளிக்கூடம், நாலு வருஷம் பி.இ. எந்த வகுப்புலயும் இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை. நம்ம வரலாற்றுப் பாடம் சோழர்ல ஆரம்பிச்சு 1947-ல கொடி ஏத்தி மிட்டாய் கொடுத்து முடிஞ்சிரும். வீட்டுல பெரியப்பாகிட்ட கேட்டேன். "ஆமாப்பா, கொஞ்ச நாள் பஸ் ஓடலை. அதெல்லாம் இப்ப எதுக்கு?"ன்னு டிவி சவுண்டைக் கூட்டிட்டார்.

அந்த "இப்ப எதுக்கு"தான் என் பிரச்சினை. அமெரிக்காக்காரன் ரொம்ப யோக்கியன்னு சொல்ல வரலை. அங்கேயும் இந்தப் பாடத்தைப் பள்ளிக்கூடத்துல எவ்வளவு சொல்லலாம், சொல்லக் கூடாதுன்னு அரசியல் சண்டை நடக்குது. ஆனா ஒரு வாத்தியார் வகுப்புல நின்னு, தன் நாடு தன் மக்களுக்கே செஞ்ச கொடுமையை ஆதாரத்தோட அடுக்க முடியுது. அதைப் படம் பிடிச்சு உலகத்துக்கே இலவசமா கொடுக்க முடியுது. ராஜபாளையத்துல இருக்கிற நான் அதைக் கேக்க முடியுது. எங்க ஊர்ல நடந்ததைக் கேக்கத்தான் வழியில்லை.

நம்மகிட்ட வசதி இல்லாம இல்லை. 2001-லயே தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கினவங்க நாம. ஐஐடிக்காரங்களோட என்பிடெல் வீடியோ பார்த்து செமஸ்டர் பாஸ் பண்ணாத இன்ஜினியர் உண்டா? ஸ்ரீவில்லிபுத்தூர்ல 1875-ல தொடங்கின பென்னிங்டன் நூலகம் இருக்கு. 150 வருஷமா புத்தகம் படிக்கிற ஊருய்யா அது. தமிழ்நாட்டோட 1947-க்கு அப்புறமான வரலாற்றை, கசப்பையும் சேர்த்து, தமிழ்ல, ஒரு பருவம் முழுக்க நடத்தி அப்படியே இணையத்துல போடுற கல்லூரிகள் வேணும். ஸ்டுடியோ வேண்டாம், கிராஃபிக்ஸ் வேண்டாம். ஒரு வாத்தியார், ஒரு போன், ஆதாரம், எதிர்க்கேள்வி கேக்கிற நாப்பது பிள்ளைங்க போதும்.

"பழசைக் கிளறினா திரும்பச் சண்டை வரும்"ங்கிறாங்க. பேசாம இருந்ததால மட்டும் சாதி போயிருச்சா என்ன? பள்ளிக்கூடத்துப் பையன் கையில கலர் கயிறு இன்னும் இருக்கு. அந்தக் கயிறு எங்க இருந்து வந்ததுன்னு வாத்தியார் சொல்லித் தரலைன்னா, வேற யாராவது வேற மாதிரி சொல்லித் தந்துருவாங்க. வகுப்புல பேசினா கேள்வி கேக்கலாம். டீக்கடையில பேசினா கைகலப்புதான்.

ஆணி கொஞ்சம் கம்மியா இருக்கிற வாரத்துல அந்த யேல் வகுப்புல முதல் ரெண்டு மட்டும் கேட்டுப் பாருங்க. இங்கிலீஷ் வேகமா இருந்தா எழுத்து வடிவத்தைப் பக்கத்துல திறந்து வச்சுக்கோங்க. கேட்டு முடிச்சதும் வீட்டுல பெரியவங்க யாராவது டிவி பார்க்காத நேரமா பார்த்து 1997-ல பஸ் ஓடுச்சான்னு கேளுங்க. என்ன பதில் வந்ததுன்னு எழுதுங்க மக்களே. நம்மளே சேர்த்து வச்சாத்தான் உண்டு.

டிஸ்கி: பால்கோவா பார்சல் கேட்டு வர்ற தனிமடல்கள் ஏற்றுக்கொள்ளப்படாது.