சங்கக் கட்டடத்திற்கு ஏற்ற கூரை எது?

சங்கம் ஒன்று தனக்கெனக் கிட்டங்கியோ, தறிக்கூடமோ, விற்பனை நிலையமோ எழுப்ப முற்படுங்கால், நிர்வாகக் குழுவில் கடைசியாகப் பேசப்படுவது கூரையே. மனைக்கும் அஸ்திவாரத்திற்கும் முகப்பு அலங்காரத்திற்கும் பணம் கரைந்த பின்னர், எஞ்சிய தொகைக்குள் அடங்கும் கூரை எதுவெனத் தேடுகிறோம். குறைந்த டெண்டர் எதுவோ அதுவே தீர்மானமாகி விடுகிறது. இம்முறை தவறு என்பது நமது கருத்து. கூரையின் கீழ் வைக்கப்படும் பொருளையும், அங்கே உழைக்கும் மனிதரையும் கருதியே கூரையைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

கீற்றுக் கூரை குளிர்ச்சியானது, மலிவானது. ஆயினும் 2004-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள், கும்பகோணத்துப் பள்ளியொன்றில் கீற்றில் பற்றிய தீ 94 குழந்தைகளின் உயிரைக் கொண்டு போயிற்று. அதன் பின்னும், நூலும் சாக்கும் அடுக்கிய இடத்திற்கு மேல் கீற்று வேய்வதற்கு எந்தச் சமாதானமும் கூற இயலாது.

அடுத்தது ஓடு. 1865-இல் பாசல் மிஷன் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையால் பெயர் பெற்ற மங்களூர் ஓடு, தறிக்கூடத்திற்கு இன்றும் நல்ல துணை. ஓட்டின் இடுக்குகள் வழியே வெப்பக் காற்று வெளியேறும். பருத்தி நூல் ஈரப்பதத்தில் வலுப்பெறுவதும், வறண்ட காற்றில் அறுந்து போவதும் நெசவாளர் அறிந்தவையே. அறுந்த இழையை முடிந்துகொண்டிருக்கும் நேரத்திற்குக் கூலி இல்லை. ஆகவே, கூரையின் வெப்பம் நெசவாளியின் கூலியில் கை வைக்கிறது என்பதை நிர்வாகிகள் மறத்தலாகாது. ஓட்டிலும் குறைகள் உண்டு. பாரம் அதிகமாதலின் கைமரமும் விட்டமும் உறுதியாக இருத்தல் வேண்டும். சரிவு குறைந்தால் சாரல் உட்புகும். உடைந்த ஓடுகளை ஆண்டுதோறும் மாற்ற வேண்டும்.

உலோகத் தகடு இலேசானது. நடுவில் தூணின்றி அகன்ற கிட்டங்கியை மூடவல்லது. விரைவில் வேலை முடியும். ஆனால் நண்பகலில் அனலைக் கீழே இறக்கும். விடியற்காலையில் தகட்டின் அடிப்புறம் ஈரம் கோத்து, நெல் மூட்டையின்மீது சொட்டும். மூட்டை பூசணம் பிடிக்கும். எனவே தகடு போடுவதாயின், அடியில் வெப்பத் தடுப்பும், முகட்டில் காற்றுப் போக்கியும் மதிப்பீட்டிலேயே சேர வேண்டும். தகட்டின் கனம் எவ்வளவு, துத்தநாகப் பூச்சு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று எழுத்தில் கேட்டுப் பெறுதலும் அவசியம். ‘நல்ல தகடு’ என்ற வாய்மொழி போதாது.

கல்நார் சிமெண்டுத் தகட்டைப் பற்றி ஒளிவின்றிச் சொல்லி விடுகிறோம்: புதிய கட்டடத்திற்கு அது வேண்டாம். கல்நாரின் எல்லா வகைகளும் மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பவை என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியுள்ளது. ஐரோப்பிய ஒன்றியம் 2005-இல் அதனை முற்றிலும் விலக்கியது. நம் நாட்டில் அது இன்னும் விற்பனையில் இருப்பது, அது தீங்கற்றது என்பதற்குச் சான்றாகாது. அறுக்கும்போதும் துளையிடும்போதும் உடையும்போதும் கிளம்பும் தூசி நுரையீரலில் தங்கிப் பல்லாண்டு கழித்து நோயாக வெளிப்படும். பழைய கூரை கல்நாராக இருப்பின் அதைச் சுரண்டவோ உடைக்கவோ கூடாது. அகற்றும் நாளில் நனைத்து, முகக் காப்பணிந்து, முழுத் தகடாகவே இறக்க வேண்டும்.

கான்கிரீட் தளம், பின்னாளில் மாடி எழுப்பும் எண்ணமுள்ள விற்பனை நிலையத்திற்குப் பொருந்தும். செலவு மிகுதி. நீர் தேங்கினால் வெடிப்பின் வழியே இறங்கி உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். தட்டோடு பதித்தலும் நீர் வடியும் வாட்டமும் இன்றியமையாதவை.

எக்கூரையாயினும், புயற்காற்று அதனை மேலிருந்து அழுத்துவதைவிட மேல்நோக்கி உறிஞ்சித் தூக்குவதே பெரும்பாலும் சேதம் விளைக்கிறது. 2011-இல் தானே புயலையும் 2018-இல் கஜா புயலையும் கண்ட கடலோர மாவட்டத்தார்க்கு இதை விளக்க வேண்டுவதில்லை. இறவாணத்திலும் முகட்டிலும் பிணைப்புகளை நெருக்கமாக அமைத்தல் சிறு செலவே. மழையும் கணக்கில் சேர வேண்டியதே. 200 சதுர மீட்டர் கூரையில் 900 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,80,000 லிட்டர் நீர் விழுகிறது. அதில் பெரும் பகுதியைத் தொட்டியில் சேர்க்கலாம்.

இனிச் செலவுக் கணக்கு. எடுத்துக்காட்டாக, 3 லட்சம் ரூபாய்க் கூரை 12 ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு 25,000 ரூபாய் ஆகிறது. 5 லட்சம் ரூபாய்க் கூரை 30 ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு 17,000 ரூபாய்க்கும் குறைவே. பழுதுபார்ப்பையும், கெட்டுப்போன சரக்கையும் சேர்த்துப் பார்த்தால் மலிவு எதுவென்பது விளங்கும்.

கட்டடத் தீர்மானம் பொதுக்குழுவின் முன் வருகையில், அங்கத்தினர்கள் மூன்று கேள்விகள் கேட்பார்களாக: இக்கூரை எத்தனை ஆண்டு உழைக்கும்? இதன் கீழ் நம் சரக்கு கெடாதிருக்குமா? சித்திரை வெயிலில் இதன் கீழ் ஒருவர் நாள் முழுதும் உட்கார்ந்து வேலை செய்ய இயலுமா? இவற்றிற்கு விடையளிக்காத டெண்டர், எவ்வளவு குறைந்ததாயினும், ஏற்கத் தக்கதன்று. செலவாவது அங்கத்தினரின் பங்குப் பணம். கேட்பது அவர்தம் உரிமை.