பி.பி. பார்க்கும் முன் ஐந்து நிமிடம் உட்கார விடுங்கள்

"எனக்கு பி.பி. இருக்கு" என்று நம்மூரில் சொல்வார்கள். இரத்த அழுத்தம் எல்லாருக்கும்தான் இருக்கிறது, இல்லாவிட்டால் ஆளே இருக்க மாட்டார் :-) கூடுதலாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் ஒரு எண். அந்த எண்ணை நாம் எடுக்கிற விதம்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் குதிரையின் இரத்தக் குழாயில் கண்ணாடிக் குழாயைச் செருகினார். இரத்தம் எட்டடிக்கு மேல் ஏறியது என்று 1733-ல் எழுதினார். மனிதரிடம் இதைச் செய்ய முடியுமா? 1896-ல் இத்தாலியின் ரிவா-ரோச்சி கையில் பட்டை கட்டிக் காற்றடித்து, பாதரசத்தால் அளந்தார். 1905-ல் ரஷ்ய மருத்துவர் கொரோட்காஃப், ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கும் சத்தத்தை வைத்து மேல் அளவு, கீழ் அளவு இரண்டையும் பிடித்தார். மெஷின் டிஜிட்டல் ஆகிவிட்டாலும் 120/80 என்பது இன்றும் மில்லிமீட்டர் பாதரசக் கணக்குதான்.

இனி நம் பிளஸ் டூ இயற்பியல். கை இதயத்தைவிட 10 செ.மீ. கீழே தொங்கினால் மெஷின் சுமார் 8 மி.மீ. கூட்டிக் காட்டும். உண்மையில் 132 உள்ளவர் 140 ஆகிவிடுவார்! 140/90 தான் இங்கே வழக்கமான எல்லைக்கோடு. நடந்து வந்த வேகம், பேச்சு, அடக்கி வைத்த சிறுநீர், குண்டான கைக்குச் சின்னப் பட்டை, எல்லாமே அளவை ஏற்றிவிடும்.

உயர் இரத்த அழுத்தத்துக்குப் பெரும்பாலும் அறிகுறி கிடையாது. "தலை சுத்தல, அதனால பி.பி. இல்ல" என்பது வெறும் நம்பிக்கை. அதனால்தான் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' எனக்குப் பிடித்த திட்டம். பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோளக் காட்டுக்கும் பருத்திக் காட்டுக்கும் போகிறவர், ஒருநாள் கூலியை விட்டுவிட்டு பி.பி. பார்க்கவென்று ஆஸ்பத்திரிக்குப் போவாரா?

ஆனால் காட்டிலிருந்து வந்தவர் கூடையை இறக்கியதுமே பட்டையைக் கட்டினால் என்ன எண் வரும்? முதுகு சாய்த்து, பாதம் தரையில் பட, கையை மேசைமேல் வைத்து, பேசாமல் ஐந்து நிமிடம். பிறகு ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை அளக்க வேண்டும். கூடுதலாக வந்தால் வேறொரு நாளும் பார்க்க வேண்டும். வாழ்நாள் மாத்திரை சம்பந்தப்பட்ட விஷயமாச்சே!

"கூட்டத்தில் இதெல்லாம் நடக்குமா?" என்பார்கள். ஏன் நடக்காது? வரிசையில் அடுத்து வரப்போகிற நான்கு பேருக்கு முதுகு சாயும் நாற்காலி போடுங்கள். அவர்கள் முறை வருவதற்குள் ஐந்து நிமிடம் தானாக ஓடிவிடும். அதுவரை, உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு வாக்கியம் மட்டும் சொல்லிக்கொடுங்கள்: "கொஞ்சம் உட்கார்ந்துட்டு கை நீட்டுறேம்மா."