நிர்வாண யோகாவும் என் லேப்டாப் கேமராவும்

டிஸ்கி: தலைப்பைப் பார்த்துட்டு வேற எதையோ எதிர்பார்த்து வந்தவங்க அப்படியே திரும்பிப் போயிடலாம். படம் எதுவும் கிடையாது :-)

ஒரு வருஷமா காலையில வீட்டுல யோகா பண்றேன். பொட்டி தட்டித் தட்டி முதுகு போனதுதான் காரணம். போன ஏப்ரல்ல ஒரு நாள் கரண்ட் இல்லை. பனியன் வேர்வையில ஒட்டிக்கிட்டு இம்சை பண்ணுச்சு, கழட்டிப் போட்டேன். கொஞ்ச நேரத்துல மிச்சமும் போச்சு. அன்னைக்கு ஆரம்பிச்ச பழக்கம். டிசம்பர்ல மட்டும் லீவு. ஓசூர் குளிர் தெரிஞ்சவங்களுக்கு ஏன்னு சொல்ல வேண்டியதில்லை.

இதுல ஆன்மிக அனுபவம் ஏதாச்சும் கிடைச்சுதான்னு கேக்காதீங்க. கிடைச்சது ரெண்டே விஷயம். ஒண்ணு, திரிகோணாசனத்துல என் வலது தோள் முன்னாடி சரியுதுங்கறது கண்ணாடியில தெரிஞ்சுது. தொளதொள டீ-ஷர்ட்டுக்குள்ள அது ஆறு மாசமா ஒளிஞ்சிருந்திருக்கு. ரெண்டாவது, தொப்பையைப் பார்த்தா வர்ற கூச்சம் ஒரு மாசத்துல போயிடுச்சு. தொப்பை போகலை.

"இது வெள்ளைக்காரன் கொண்டாந்த அசிங்கம்"னு ஒரு நண்பர் திட்டினார். அவருக்குத்தான் இந்தப் பதிவோட முதல் பாதி.

ஓசூர்ல இருந்து நாலு மணி நேரம் வண்டி ஓட்டினா சிரவணபெளகொளா. 600 படிக்கு மேல ஏறினா சுமார் 57 அடி உயரத்துல பாகுபலி நிக்கிறார், உடம்புல ஒரு நூல் இல்லாம. கங்க மன்னர்களோட அமைச்சர் சாவுண்டராயர் 981 வாக்குல செதுக்க வைச்சது. அவர்தான் செய்வித்தார்னு காலடியில தமிழ்லயும் பொறிச்சிருக்கு. அவர் நிக்கிற நிலைக்குப் பேரு காயோத்சர்க்கம், அதாவது உடம்பு மேல இருக்கிற பற்றை விட்டுட்டு அசையாம நிக்கிற தியானம். கால்லயும் கையிலயும் கொடி படர்ந்திருக்கும். குடும்பம் குடும்பமா போய்க் கும்பிட்டுட்டு வர்றோம், யாரும் கண்ணை மூடிக்கிறதில்லை. கி.மு. 326ல தட்சசீலத்துக்கு வந்த அலெக்சாந்தரோட ஆட்கள் இந்த மாதிரி துறவிகளைப் பார்த்துட்டு 'நிர்வாண ஞானிகள்'னே பேர் வச்சாங்க.

ஆனா நேர்மையா இன்னொண்ணும் சொல்லணும். திகம்பரத் துறவி துணியை விடுறது, எதையும் உடைமையா வச்சுக்கக் கூடாதுங்கற விரதத்தால. நான் விட்டது வேர்வையால. ரெண்டையும் முடிச்சுப் போட்டு 'நம்ம பாரம்பரியம்'னு பீத்திக்க எனக்கு உரிமை இல்லை. இன்னைக்கு உலகம் முழுக்கப் பண்ற ஆசனங்கள்ல பெரும்பகுதி 1930கள்ல மைசூர் அரண்மனையில கிருஷ்ணமாச்சார்யா சொல்லிக் கொடுத்த வழியில வந்தது. 1938ல எடுத்த படத்துல அவர் இடுப்புல லங்கோடு இருக்கு. நம்ம ஊர் கோவணம் மாதிரிதான். ஆக, முழு நிர்வாண ஆசன வகுப்பு புதுசுதான். புதுசா இருந்தா தப்பா என்ன? பூட்டின வீட்டுக்குள்ள நான் என்ன போட்டுக்கிட்டு முதுகை வளைக்கிறேங்கறது என் இஷ்டம். அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு 2017ல உச்ச நீதிமன்றத்துல ஒன்பது நீதிபதிகள் ஒருமனதா சொல்லியாச்சு.

இப்ப ரெண்டாவது பாதி. பெங்களூர்ல வேலை பார்க்கிற இன்னொரு நண்பர் ஒரு லிங்க் அனுப்பினார். சனிக்கிழமை காலை, ஆன்லைன்ல நிர்வாண யோகா வகுப்பு. ஒரே ஒரு நிபந்தனை, எல்லாரும் கேமராவை ஆன் பண்ணியே ஆகணும். ஏன்னு கேட்டேன். "கேமராவை அணைச்சுட்டு ஒருத்தன் உக்காந்தா அவன் வேடிக்கை பார்க்கத்தானே வந்திருக்கான்? எல்லாரும் தெரிஞ்சா எல்லாரும் சமம்"னார். நியாயமான பதில்தான். ரெண்டு நாள் யோசிச்சேன்.

நம்ம தொழில்தான் தடுத்துச்சு. ஒரு தகவலை 'அழிச்சாச்சு'ன்னு திரையில காட்டுற நிரல்கள்ல பல, டேட்டாபேஸ்ல ஒரு குறியை மட்டும் மாத்திட்டுப் போயிடும். அசல் அங்கேயே இருக்கும். பேக்கப்ல இன்னொண்ணு இருக்கும். ஜூம்ல முனைக்கு முனை குறியாக்கம் போட்டா அவங்க சர்வர்ல பதிவு பண்ண முடியாது, உண்மைதான். ஆனா வகுப்புல இருக்கிற இருபது பேர்ல ஒருத்தர் தன் திரையைப் பதிவு பண்ணா, இல்ல பக்கத்துல இன்னொரு போனை வச்சுப் படம் பிடிச்சா, எந்தக் குறியாக்கமும் காப்பாத்தாது. சட்டம் இருக்கு. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66ஈ பிரிவுப்படி அனுமதியில்லாம ஒருத்தரோட அந்தரங்க உறுப்பைப் படம் எடுத்தாலோ பரப்பினாலோ மூணு வருஷம் வரைக்கும் ஜெயில். பாரதிய நியாய சன்ஹிதா 77வது பிரிவு, ஒரு பெண் படம் எடுக்கச் சம்மதிச்சிருந்தாலும் பரப்பச் சம்மதிக்கலைன்னா பரப்பினது குற்றம்னு சொல்லுது. ரெண்டுமே படம் வெளியே போனதுக்கப்புறம் வர்ற உதவி.

அந்த யோசனையில இருந்தப்பதான் சித்தி பொண்ணு ஞாபகம் வந்துச்சு. 2025 நவம்பர்ல நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்துல ஒரு ஆலையோட பெண்கள் விடுதியில, குளியலறைக்குள்ள ரகசியக் கேமரா கண்டுபிடிச்சாங்களே, ஆயிரக்கணக்கான பெண்கள் ராத்திரியில வெளியே வந்து போராடினாங்களே, நினைவிருக்கும். சித்தி பொண்ணு இருந்தது வேற கம்பெனி ஹாஸ்டல். அந்த வாரம் போன் பண்ணா. "அண்ணா, பாவாடையை நெஞ்சு வரைக்கும் கட்டிக்கிட்டுதான் குளிக்கிறேன். லைட்டையும் அணைச்சிடறேன்"னா. எங்கயாச்சும் ஓட்டை இருக்கான்னு செவுரைத் தடவிப் பார்த்துட்டுதான் தாழ்ப்பாள் போடுவாளாம்.

குளிக்கிறதுக்கே இருட்டு தேவைப்படுற பொண்ணு அவ. நான் கண்ணாடி முன்னாடி நின்னு தோள் சரியுதான்னு பார்த்துக்கிட்டிருக்கேன். எனக்குத் தனி வீடு, உள்பக்கம் தாழ்ப்பாள், ஆம்பளைங்கற சலுகை, எல்லாம் இருக்கு. 'உடம்பு மேல கூச்சம் கூடாது'ன்னு அவகிட்ட நான் எந்த வாயால சொல்றது? அவளுக்குப் பிரச்சினை கூச்சம் கிடையாது. யார் பார்க்கலாம்னு முடிவு பண்ற அதிகாரம் அவ கையில இல்லை.

அந்த அதிகாரம் என் கையில இருக்கு. அதைத் தூக்கி முகம் தெரியாத இருபது பேர்கிட்ட கொடுக்க மனசு வரலை. சமம்ங்கறதுக்காகக் கேமரா கட்டாயம்னா, அந்தச் சமம் வகுப்பு முடியற வரைக்கும்தான். அப்புறம் யார்கிட்ட பதிவு இருக்கோ அவன் கை ஓங்கிடும். ஒரே அறையில நேர்ல கூடிப் பண்றவங்க நிலைமை வேற, போனை வெளியே வச்சுட்டு உள்ளே போகலாம். ஆன்லைன்ல போன்தான் அறையே.

அதனால என் கட்சி இதுதான். வீட்டுல தனியா பண்றீங்களா, தாராளமா பண்ணுங்க. கதவைச் சாத்துங்க, மேட்டு மேல ஒரு துண்டை விரிச்சுக்குங்க, எதிர்வீட்டு மாடி தெரியுதான்னு ஜன்னலைப் பாருங்க. ஆன்லைன் வகுப்புன்னா சொல்லித் தர்றவர் கேமரா மட்டும் ஓடட்டும், அவர் துணியோட இருக்கட்டும், நீங்க கேமராவை அணைச்சுட்டு உங்க இஷ்டப்படி இருங்க. கேமரா கட்டாயம்னா வேண்டாம்னு சொல்லிடுங்க.

நான் சொல்லிட்டேன். நண்பர் "நீ இன்னும் ஓசூர்லயே இருக்கே"ன்னார். ஆமாங்க, இங்கதான் இருக்கேன். லேப்டாப் கேமரா மேல கறுப்பு டேப் ஒட்டியிருக்கு. சித்தி பொண்ணுக்கும் ஒரு சுருள் வாங்கிக் கொடுத்தேன், செவுத்து ஓட்டைக்கு.

மாற்றுக் கருத்து இருக்கறவங்க பின்னூட்டத்துல வந்து சொல்லுங்க. கும்மி அடிக்கிறவங்க துண்டு கட்டிக்கிட்டு வரவும் :-)