செல்போனும் கானாவும்: குற்றவாளி யார்?

“இந்தக் காலத்துப் பையன்களுக்கு ரசனை என்பதே கிடையாது. எந்நேரமும் கையிலே செல்போன், வாயிலே கானா!”

பேசின் பிரிட்ஜ் ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி வண்டிக்குக் காத்திருந்தபோது, பழைய மில் தொழிலாளித் தோழர் ஒருவர் நம்மிடம் இப்படி அங்கலாய்த்துக் கொண்டார். எதிரே, எண்ணூர்ப் பக்கம் இரவு ஷிப்டுக்குப் போகிற நாலைந்து வாலிபர்கள் ஒரே செல்போனைச் சுற்றி நின்று, பெஞ்சியில் தாளம் போட்டுக் கொண்டிருந்தார்கள்.

இந்த அங்கலாய்ப்பு நமக்குப் புதிதல்ல. நாமே பல கூட்டங்களில் இப்படிப் பேசியிருக்கிறோம். ஆனால் இது நியாயம்தானா?

கானா யாருடைய பாட்டு? அது மயிலாப்பூர் சபாவில் பிறக்கவில்லை. மூட்டை சுமந்தவனும் ரிக்‌ஷா இழுத்தவனும் வடசென்னைக் குடிசைகளின் சாவு வீடுகளில் விடிய விடியக் கண்விழித்துப் பாடிய பாட்டு அது. பெரிய மனிதர்கள் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. 2018 ஜனவரி 6ந் தேதி கீழ்ப்பாக்கத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவினர் கோட்டும் சூட்டும் அணிந்து மேடையேறினார்கள். கானாவும் பறையும் கொண்டு சாதிக் கொடுமையைச் சாடினார்கள். அந்தக் குரலை நாடெங்கும் கொண்டு சேர்த்தது நாம் திட்டுகிற இதே செல்போன்தான்!

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். பி அண்டு சி மில்லில் வேலை பார்த்த தாத்தாவுக்குச் சங்கம் இருந்தது. 1918ல் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கம் அது. கூட்டம் இருந்தது, ஊர்வலம் இருந்தது. 1996ல் மில் மூடப்பட்டது. பேரன் இன்று காண்டிராக்ட் கூலி. நாளை வேலை உண்டா என்பதே அவனுக்குத் தெரியாது. அவனுக்கு நாடகக் கொட்டகையும் வாசகசாலையும் சட்டைப்பையில் கிடக்கிற அந்தக் கருவி ஒன்றுதான். அதைப் பறித்துவிட்டு, பதிலுக்கு நாம் எதைக் கொடுக்கப் போகிறோம்?

அப்படியானால் எல்லாம் நல்லதா? இல்லை. பெண்களை இழிவுபடுத்தும் பாட்டும், சாதித் திமிர் பேசும் பாட்டும், கத்தியைப் புகழும் பாட்டும் அதே வழியாகத்தான் வருகின்றன. ஒன்றைப் பார்த்தால் அதே மாதிரி ஒன்பதைக் கம்பெனி தள்ளிவிடுகிறது. பார்ப்பவன் கெடுகிறானா, தேறுகிறானா என்பது அதற்குக் கவலையில்லை. அவன் கண் அகலாமல் இருந்தால் விளம்பரக் காசு கொட்டும், அவ்வளவுதான்.

பாடுகிறவனுக்காவது காசு சேருகிறதா? 2021 மார்ச்சில் ‘என்ஜாய் எஞ்சாமி’ பாட்டு வெளிவந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டியை நினைத்து அறிவு எழுதிய பாட்டு. கோடிக்கணக்கான தடவை உலகம் அதைக் கேட்டது. ஆனால் தமக்கும் அறிவுக்கும் பாடகி தீக்கும் அதனால் ஒரு காசு வருமானம்கூட வரவில்லை என்று இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் 2024 மார்ச்சில் பகிரங்கமாகச் சொன்னார். பேர் பெற்ற கலைஞர்களின் கதியே இது என்றால், வியாசர்பாடிப் பையனின் கதி என்ன? விளைவித்தவன் ஒருவன், களத்தில் நெல்லை அளந்துகொண்டு போகிறவன் இன்னொருவன். விவசாயத் தொழிலாளிக்கு இந்தக் கணக்கைச் சொல்லித்தரத் தேவையில்லை!

மேடையும் அவர்கள் கையில் இல்லை. 2020 ஜூன் 29ந் தேதி டிக்டாக்கை இந்திய அரசு தடை செய்தது. அதில் ஆடிப் பாடிய ஏழை எளியவர்களின் அரங்கம் ஒரே இரவில் காணாமல் போயிற்று. அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆகவே, குற்றவாளி ரசனை அல்ல, உடைமை. சினிமாவையும் ஒரு காலத்தில் நஞ்சு என்று ஒதுக்கியவர்கள் உண்டு. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் ஒதுங்கவில்லை. 1959ல் 29 வயதில் மறைவதற்குள், உழைப்பவன் குரலை அதே சினிமாவில் ஒலிக்கச் செய்தார்.

தோழர்களே, ஏச்சை நிறுத்துவோம். மாதம் ஓர் இரவு சங்கக் கட்டிடத்தை இந்த வாலிபர்களுக்குத் திறந்து விடுவோம். அவர்கள் பாடட்டும், நாம் கேட்போம். தவறிருந்தால் முகத்துக்கு நேரே சொல்வோம். பாட்டுக்குக் கூலி கேட்டு அவர்கள் நின்றால் பக்கத்தில் நிற்போம்.

அன்று வண்டி வந்தது. பெரியவருக்கு இடம் கொடுத்து எழுந்தவன், தாளம் போட்ட பையன்களில் ஒருவன்தான்.