அட்வைஸ் வேண்டாம், அடுத்த தேதி சொல்லுங்க!



டிகிரி முடிச்சு ரெண்டு வருஷமா வேலை தேடுற தம்பிகிட்ட நாம என்ன சொல்றோம்? "பாசிட்டிவ்வா இருடா, எல்லாம் சரியாகிடும்." சொல்றவருக்கு அது ஆறுதல். அடுத்த இன்டர்வியூ எப்போ வரும்னு தெரியாம இருக்கிறவனுக்கு அதுல என்ன இருக்கு?

2022-ல் இந்தியாவில் தற்கொலையால் நாம் இழந்தவர்கள் 1,70,924 பேர். அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் 18 முதல் 30 வயதுக்குள். மாணவர்கள் மட்டும் 13,044 பேர். ஒன்றிய அரசின் தேசிய குற்ற ஆவணக் காப்பகமே தந்த கணக்கு இது. இத்தனை பேருக்கும் 'மனசு வீக்'னு சொல்லிட்டுக் கடந்து போகலாமா?

அடுத்த வாய்ப்பு கண்ணுக்குத் தெரிஞ்சாதான் நம்பிக்கை வரும். இதற்குத் தமிழ்நாடே சாட்சி. ஒரு காலத்தில் பிளஸ் டூ-வில் ஒரு பாடம் போனா ஒரு வருஷமே போச்சு. பிறகு, ரிசல்ட் வந்த சில வாரங்களிலேயே துணைத் தேர்வு எழுதி, அதே ஆண்டு கல்லூரியில் சேரலாம் என்ற நிலை வந்தது. தேர்வுத் தோல்வியால் நடந்த தற்கொலைகள் அதன்பின் குறைந்ததை, சென்னை சினேகா அமைப்பின் நிறுவனர் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடர்ந்து எடுத்துச் சொல்கிறார். அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் தன்னம்பிக்கை கிளாஸ் எடுக்கல. ஒரு தேதி கொடுத்தாங்க. அது ஒரு உயிரைப் பிடிச்சு வச்சது.

அதைத்தான் இப்போதும் கேட்கிறோம்:

🔹 கல்லூரி அரியர் தேர்வுக்கு அடுத்த செமஸ்டர் வரை காக்க வைக்காதீங்க. ரிசல்ட் வந்த ஒரு மாதத்தில் நடத்துங்க.
🔹 ஆஃபர் லெட்டர் கொடுக்கும் நிறுவனம் ஜாயினிங் தேதியையும் எழுதிக் கொடுக்கணும்.
🔹 ஒவ்வொரு கல்லூரியிலும் முழுநேர மனநல ஆலோசகர் இருக்கணும். அரசிடம் மனநலச் சிகிச்சை பெறுவது, 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் தந்த உரிமை. சலுகை இல்லை.

தோழர்களுக்கும் ஒரு வேலை இருக்கு. இறந்துபோன பிள்ளையின் போட்டோவையும் கடிதத்தையும் அரசியலுக்காக ஷேர் செய்யாதீங்க. உங்க தெருவில் வீட்டைவிட்டு வெளியே வராம இருக்கிற தம்பி, தங்கையை இன்னைக்கே போய்ப் பாருங்க. அட்வைஸ் வேண்டாம். "சாப்பிட்டியா, வா வெளியே போவோம்" போதும்.

மனசு தாங்கலையா? டெலி மானஸ் 14416, தமிழ்நாடு அரசின் 104. எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம்.

பகிருங்கள். யாருக்காவது இன்னைக்கு ராத்திரி இந்த நம்பர் தேவைப்படலாம்.

#அடுத்ததேதிசொல்லுங்க