டிஸ்க் மலிவாம்!

"டிஸ்க்தான் இப்போ சல்லிசாக் கெடைக்கே, சின்ன டேட்டாசெட்டுக்கெல்லாம் எதுக்கு மெனக்கெடணும்?" மெயின்ஃப்ரேம்காரர்கள் வாயில் அடிக்கடி வரும் வசனம் இது. சென்னையில் வேலை பார்க்கும் எங்க பெரியம்மா மகனும் இதையேதான் சொல்கிறார். பி.காம். படிக்கிறவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். இது செலவுக் கணக்கு, அதனால் நாங்களும் வருவோம் :-)

கொஞ்ச நாள் யாரும் தொடாத டேட்டாசெட்டை (ஃபைல்தான்) எச்எஸ்எம் என்ற ஐபிஎம் மென்பொருள் பரணில் தூக்கிப் போட்டுவிடும். இதுதான் மைக்ரேஷன். முதல் பரண் டிஸ்க், அடுத்தது டேப்.

3390 டிஸ்கில் இடத்தை டிராக் கணக்கில்தான் கொடுப்பார்கள். ஒரு டிராக் 56,664 பைட். வரிக்கு 80 பைட் வீதம் 30 வரி ஃபைல் என்றால் 2,400 பைட்தான், ஆனால் அதற்கும் முழு டிராக்! எவ்வளவு சுருக்கினாலும் ஒரு டிராக்குக்குக் கீழே இறங்காது. மாடல் 3 வால்யூமில் இருப்பது 50,085 டிராக். ஆக, சுமார் 120 எம்பி சரக்கை வைத்து 2.8 ஜிபி வால்யூமை நிரப்பிவிடலாம். எங்க முக்கூடலில் ஒவ்வொரு பீடிக்கும் தனி அட்டைப்பெட்டி போட்டு லாரியில் ஏற்றினால் கணக்குப்பிள்ளையை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

சரி, டிஸ்க் போனால் போகட்டும். விடாக்? அதுதான் வால்யூமின் பேரேடு. டேட்டாசெட் ஒன்றுக்குக் குறைந்தது 140 பைட்டில் ஒரு பதிவு, டிராக்குக்கு 50 பதிவு. அது நிரம்பினால், பெரிதாக்கும் வரை, வால்யூமில் இடம் கிடந்தாலும் புதிதாக ஒன்றும் ஏறாது. கிட்டங்கி காலியாக இருக்கிறது, பேரேட்டில் எழுதப் பக்கம் இல்லை!

நேரே டேப்புக்கு அனுப்பு என்பது இன்னொரு கோஷ்டி. அந்த 2,400 பைட்டைத் திரும்பக் கேட்டால் டேப் மாட்டும் வரை ஜாப் கொட்டாவி விட்டுக்கொண்டு நிற்கும்.

ஐபிஎம்மே இதற்கு எஸ்டிஎஸ்பி என்று ஒரு வழி வைத்திருக்கிறது. பொடிசுகளையெல்லாம் முதல் பரணிலுள்ள ஒரே விசாம் ஃபைலுக்குள் ரெக்கார்டுகளாகக் கட்டிப் போடுவது. தனி டிராக்கும் வேண்டாம், தனி விடாக் பதிவும் வேண்டாம்.

"அதில் தொல்லை ஜாஸ்தி" என்பார்கள். உண்மைதான். ஒரு எஸ்டிஎஸ்பி ஃபைலை ஒரு நேரத்தில் ஒரு மைக்ரேஷன் டாஸ்க்தான் பிடித்துக்கொள்ளும். எத்தனை டாஸ்க் சேர்ந்து ஓடுமோ அத்தனை ஃபைலாவது வேண்டும். ரெக்கார்டுகள் வந்து போய் உள்ளே பொத்தலாகும், அவ்வப்போது பிரித்து மறுபடி அடுக்க வேண்டும். அளவு வரம்பைத் தாராளமாக வைத்தால் சீக்கிரம் நிரம்பிவிடும். இவ்வளவுதானே? வருஷக் கடைசியில் ஸ்டாக் எடுக்கும் பலசரக்குக் கடைக்காரர் இதைவிட அதிகம் பாடுபடுகிறார். புது டிஸ்க் வாங்கக் காசு இருக்கிறது, இருப்பதை அடுக்கி வைக்கத்தான் ஆள் இல்லையாம்!